இடனறிந்து பறந்தவர்: வில்பர் ரைட்

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். செயலொன்றைத் தொடங்குவோன் முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தன் வலிமையை அளந்தறிதல் வேண்டும். உரிய காலத்தை நோக்குதல் வேண்டும். அதன் பின்னரும் உரிய இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும் கருத்தாகும். மன்னர்க்கும் படைக்கும் உரைக்கப்பெற்ற இவ்வறிவு, புதிய கருவியொன்றை ஆக்கிப் பார்க்க விழைவார்க்கும் பொருந்தும். ஒரு புதுமை முதன்முதலில் எவ்விடத்தில் சோதிக்கப்படுகிறதோ, அவ்விடமே பலவேளைகளில் அதன் வெற்றி தோல்வியை முடிவு செய்துவிடுகிறது. இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கிச் சென்றவர் வில்பர் ரைட்.

ரைட் சகோதரர்கள் என்று இருவரையும் இணைத்துச் சொல்வதே உலக வழக்கு. அவ்வழக்கு நேரியதே, இளையவராகிய ஆர்வில் இன்றி மூத்தவரின் சாதனை இல்லை. எனினும், வானூர்தி முயற்சிக்கு முதல் மடல் எழுதியவரும், சோதனைக் களத்தைத் தேடிக் கண்டவரும் வில்பரே ஆதலின், அவர்தம் வாழ்வைத் தனித்து நோக்குவது பயன் தரும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில், மில்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீடொன்றில் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் வில்பர் பிறந்தார். தந்தையார் மில்டன் ரைட், பிற்காலத்தில் கிறித்தவ சபையொன்றின் பேராயராக உயர்ந்தவர். அன்னையார் சூசன், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகளார். வீட்டில் பழுதுற்றவற்றைச் செப்பனிடுவதிலும், குழந்தைகளுக்குப் பொம்மை செய்து தருவதிலும் அவ்வம்மையார் கைதேர்ந்தவர். தந்தையிடமிருந்து நூல்களும் அன்னையிடமிருந்து கைத்திறனும் பிள்ளைகளுக்கு வாய்த்தன.

1878ஆம் ஆண்டில் தந்தையார் பயணத்திலிருந்து திரும்பும்போது, ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் கூரை நோக்கிப் பறக்கும் சிறு பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்விலுக்கு 7. பொம்மை உடைந்து போயிற்று. அது எழுப்பிய வியப்பு உடையவில்லை.

ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் குடும்பம் நிலையாகத் தங்கியது. யேல் பல்கலைக்கழகத்தில் வில்பரைச் சேர்ப்பதாகப் பெற்றோர் எண்ணியிருந்தனர். 1885-86ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனிக்கட்டி மீது ஆடிய ஹாக்கி ஆட்டத்தில் ஒரு மட்டை அவர் முகத்தில் பலமாகத் தாக்கியது. முன்பற்கள் போயின. அதனைத் தொடர்ந்து நெஞ்சுப் படபடப்பும் செரிமானக் கோளாறும் வாட்டின. பல்கலைக்கழகக் கனவு கலைந்தது. காசநோயால் நலிந்த அன்னையாரைப் பேணிக்கொண்டு, தந்தையாரின் நூலகத்தில் கண்ட நூல்களையெல்லாம் கற்றவண்ணம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் வீட்டிலேயே இருந்தார். 1889ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அன்னையார் மறைந்தார். உயர்நிலைப் பள்ளியின் சான்றிதழைக்கூட வாழ்நாளில் கையில் வாங்காதவர் வில்பர் என்பது கல்லூரி மாணவர் கருதத்தக்கது.

இளவல் தொடங்கிய அச்சுத் தொழிலில் வில்பரும் சேர்ந்தார். 1892ஆம் ஆண்டு இறுதியில் இருவரும் மிதிவண்டிக் கடை ஒன்றைத் திறந்தனர்; 1896 முதல் தாமே மிதிவண்டிகளைச் செய்து விற்றனர். அக்கடையின் பின்கட்டிலிருந்த பட்டறையே பின்னாளில் வானூர்தி பிறந்த மனையாயிற்று.

வீழ்ந்தவர் கற்பித்த பாடம்

பறக்க விழைந்தோர் பல நாடுகளிலும் பல காலங்களிலும் இருந்தனர். 9ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகளைப் பூண்டு காற்றில் மிதந்தார் என்றும், இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்றும், பறவை வாலின் துணைகொண்டு இறங்குவதை அவர் கருதாது விட்டதே காரணம் என்றும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதி வைத்தார். ஒரே முயற்சியில் எல்லாவற்றையும் பணயம் வைப்பார்க்குப் பிழையைத் திருத்திக்கொள்ளும் இரண்டாம் வாய்ப்புக் கிட்டுவது அரிது.

செருமானியப் பொறியாளர் ஆட்டோ லிலியென்தால் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கிளைடர் எனப்படும் பொறியில்லா வானூர்தியில் சறுக்கிப் பறந்து பயில்வதற்கெனவே பெர்லின் நகர் அருகே செயற்கைக் குன்று ஒன்றை அவர் 1894இல் எழுப்பினார். எனினும், உடலை இப்புறமும் அப்புறமும் அசைத்தே அவர் தம் ஊர்தியைச் சமன் செய்ய வேண்டியிருந்தது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வேறொரு குன்றிலிருந்து பறக்கையில் அவர் வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார்.

இச்செய்தி வில்பரின் உள்ளத்தை உலுக்கியது. 1899ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு மடல் எழுதி, பறத்தல் குறித்து வெளிவந்த நூல்களின் விவரங்களைக் கேட்டார். வந்த நூல்களைக் கற்றதும் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. இறக்கையும் பொறியும் எப்படியும் கிட்டும். காற்றில் ஊர்தியைச் சமன்செய்து செலுத்தும் வழிதான் எவருக்கும் கிட்டவில்லை. மிதிவண்டி செய்பவர்க்கு இது புதிய செய்தியன்று. ஓட்டுபவன் கணந்தோறும் சமன் செய்தாலன்றி மிதிவண்டி நிற்பதில்லை அன்றோ!

ஒரு நாள் கடையில், மிதிவண்டியின் உட்குழாய் வந்த நீண்ட அட்டைப் பெட்டியைக் கையிற்கொண்டு வில்பர் பேசிக்கொண்டிருந்தார். விரல்கள் தம்மையறியாமல் அதன் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கின. இறக்கைகளையும் இவ்வாறே முறுக்கினால் ஒருபுறம் எழும், மறுபுறம் தாழும் என்னும் எண்ணம் அக்கணம் பிறந்தது. அவ்வெண்ணத்தை மனிதனை ஏற்றி அவர் சோதிக்கவில்லை. 5 அடி அகலமுள்ள பட்டம் ஒன்றைச் செய்து, டேட்டன் நகர்ப்புறத்து வெளியில் கயிறு கட்டிப் பறக்கவிட்டார். கயிற்றை அசைத்தவாறு பட்டம் சாய்ந்தது, நிமிர்ந்தது. பட்டம் அறுந்து வீழ்ந்திருந்தாலும் நட்டம் சில மணி நேர உழைப்பே. இதுவே அவர்தம் நெறியின் தொடக்கம்.

மணலைத் தேடிய மனிதர்

அடுத்து மனிதனைச் சுமக்கும் கிளைடர் வேண்டும். அதனைப் பறக்கவிட இடமும் வேண்டும். டேட்டனில் காற்றும் குன்றும் போதா. வில்பர் அமெரிக்க வானிலைத் துறையின் காற்றுக் குறிப்புகளைப் பெற்று ஆராய்ந்தார். பறத்தல் ஆய்வில் முதியவரான ஆக்டேவ் சனூட்டிடம் மடல் வழியே அறிவுரை கேட்டார். வடக்குக் கரோலினாவின் கடலோரத்தில், கிட்டி ஹாக் என்னும் மீனவச் சிற்றூரில் காற்று இடையறாது வீசுவதை அறிந்து, அவ்வூர் வானிலை நிலையத்திற்கும் எழுதினார். ஊரைச் சார்ந்த வில்லியம் டேட் என்பார், மரங்கள் அற்ற மணல்வெளியும் குன்றுகளும் உண்டு, வருக என விரிவாக விடை வரைந்தார்.

காற்று இருந்தால் ஊர்தி தரைக்குமேல் மெதுவாகவே நகரும். மணல் இருந்தால் வீழ்ந்தாலும் எலும்பு முறியாது. மரம் இன்மையால் மோத எதுவுமில்லை. ஊர் ஒதுங்கிக் கிடந்தமையால் நகைப்போரும் இலர். வீழ்வோம் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, வீழ்வதற்கு ஏற்ற நிலத்தைத் தேடியவர் வில்பர். புகழுக்கு ஏற்ற மேடையை நாடுவோரிடையே இஃது அரிய பண்பாகும்.

1900ஆம் ஆண்டு செப்டம்பரில் புயலில் தத்தளித்த பழம்படகொன்றில் பயணம் செய்து வில்பர் கிட்டி ஹாக் சேர்ந்தார். டேட் அம்மையாரின் தையல் இயந்திரத்தில் இறக்கைத் துணியைத் தைத்துக்கொண்டார். தம்பியும் பின்னர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு பெரும்பாலும் கிளைடரைப் பட்டம் போலவே கயிறு கட்டிப் பறக்கவிட்டனர். வில்பர் அதில் படுத்துத் தனித்துச் சறுக்கிய நேரம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 நிமிடமே. ஊர் திரும்புகையில் கிளைடரை அங்கேயே விட்டனர். டேட் அம்மையார் அதன் துணியை எடுத்துத் தம் பெண்மக்கள் இருவருக்கும் ஆடை தைத்தார்.

1901இல் கில் டெவில் குன்றுகளின் அடியில் கூடாரமிட்டு, பெரியதொரு கிளைடரைச் சோதித்தனர். கொசுப் படை ஒருபுறம் வாட்டியது. கிளைடர் மறுபுறம் வாட்டியது. கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப் போவதில்லை என்று சொல்லுமளவிற்கு மனம் சோர்ந்து வில்பர் ஊர் திரும்பினார்.

பெட்டிக்குள் ஒரு வானம்

குறை தம்முடையதா, நூல்களுடையதா என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. பறத்தல் ஆய்வாளர் பலரும் கையாண்ட காற்றழுத்த எண் 0.005 ஆகும். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் பெயரால் வழங்கிய அவ்வெண்ணை ஐயுறுவார் மிகச் சிலரே. சகோதரர்கள் முதலில் மிதிவண்டியின் கைப்பிடிக்கு முன்னே மற்றொரு சக்கரத்தைக் கிடையாகப் பொருத்தி, அதில் சிறு தகடுகளைக் கட்டித் தெருவில் ஓட்டிப் பார்த்தனர். அது போதாது எனக் கண்டு, 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுர வாயும் உடைய மரப்பெட்டி ஒன்றைக் கடையின் மேல்மாடியில் அமைத்தனர். ஒருமுனையில் விசிறி, நடுவில், ரம்பத் தகட்டாலும் மிதிவண்டிச் சக்கரக் கம்பியாலும் ஆக்கிய நுண்தராசு, மேலே கண்ணாடிச் சாளரம். இதுவே அவர்தம் காற்றுச் சுரங்கம்.

காற்றுச் சுரங்கத்தை முதலில் கண்டவர் இவர்கள் அல்லர். இங்கிலாந்தில் வென்ஹாம் என்பார் 1871இலேயே ஒன்றை அமைத்தார். எனினும், இறக்கை வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நம்பத்தகும் அளவைகளை முறையாகத் தொகுத்த பெருமை இம்மரப்பெட்டிக்கு உரியது. 1901ஆம் ஆண்டின் இறுதித் திங்கள்களில் ஏறத்தாழ 200 சிறு இறக்கைகளைச் சோதித்தனர். காற்றழுத்த எண் ஏறத்தாழ 0.0033 என்பது புலனாயிற்று. கிட்டி ஹாக்கில் ஓராண்டிற்கு ஒரு வடிவத்தையே சோதிக்க இயன்றவர்க்கு, இப்பெட்டிக்குள் ஒரு நாளில் பலவற்றைச் சோதிக்க இயன்றது. ஆயிரம் முறை வீழ்ந்து கற்க வேண்டியதை ஒரு முறையும் வீழாமல் கற்றனர்.

அதன் பயன் 1902இல் விளங்கியது. 32 அடி அகல இறக்கைகொண்ட புதிய கிளைடரில் அவ்வாண்டு நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பறந்தனர். மிக நீண்டது 622 அடியைக் கடந்தது. அசையும் சுக்கானைப் பின்புறம் பொருத்தும் எண்ணம் ஆர்விலுடையது. அதனை இறக்கை முறுக்கலோடு இணைத்தது வில்பருடைய எண்ணம். பொறி பொருத்துமுன்னரே இருவரும் பறக்கக் கற்றுவிட்டனர்.

இரு டிசம்பர்க் காட்சிகள்

1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் ஒன்பது நாள் இடைவெளியில் இரு காட்சிகளைக் கண்டது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரும் வானியல் அறிஞருமான சாமுவேல் லாங்லி, இராணுவத் துறை அளித்த 50,000 டாலர் கொண்டு வானூர்தி ஒன்றை ஆக்கியிருந்தார். அவருடைய சிறு மாதிரிகள் முன்னரே பறந்தன. ஆனால், மனிதன் ஏறும் பேரூர்தியைச் சிறுகச் சிறுகப் பழகாமல், பொட்டோமாக் ஆற்றில் படகுவீட்டின் உச்சியிலிருந்து நேரே விசையால் எறிந்தனர். அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும் அது நீரில் வீழ்ந்தது. செலுத்தியவர் உயிர் தப்பினார், செய்தித்தாள்கள் எள்ளின. லாங்லியின் அறிவு குறைந்ததன்று. பிழையைத் தாங்கும் களம் அவருக்கு வாய்க்கவில்லை.

மணல்வெளியிலோ, கடைப் பணியாளர் சார்லஸ் டெய்லர் ஆறு வாரத்தில் ஆக்கித் தந்த 12 குதிரைத்திறன் பொறியுடன் ரைட் ஊர்தி காத்திருந்தது. செலவு 1,000 டாலருக்கும் குறைவு. டிசம்பர் 14ஆம் நாள் நாணயம் சுண்டியதில் வில்பர் வென்றார், ஏறினார், மூன்றரை வினாடியில் மணலில் இறங்கினார். ஊர்தி சிறிது சிதைந்தது, அவர் சிதையவில்லை. மூன்றே நாளில் செப்பனிட்டு, 17ஆம் நாள் ஆர்வில் 12 வினாடி பறந்து 120 அடி கடந்தார். அன்றைய நான்காம் முறை வில்பர் 59 வினாடியில் 852 அடி பறந்தார். சிறிது நேரத்தில் பெருங்காற்று ஊர்தியைப் புரட்டிப் போட்டது. ஆயினும் செய்தி முடிந்துவிட்டது, மனிதன் பறந்துவிட்டான்.

மாடு மேய்ந்த புல்வெளி

பலரும் வில்பரின் கதையை இங்கே முடித்துவிடுவர். அவரோ முடிக்கவில்லை. ஒரு நேர்க்கோட்டில் ஒரு நிமிடம் பறப்பது பறத்தலாகாது என்பதை அவர் அறிவார். டேட்டனை அடுத்து ஹஃப்மன் என்னும் வங்கியாளருக்குரிய புல்வெளி இருந்தது. அவர் வாடகை கேட்கவில்லை. பறக்குமுன் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு வெளியே ஓட்டிவிட வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை.

அங்குக் காற்றுக் குறைவு, ஊர்தி எழவில்லை. உயர்ந்த மரச்சட்டத்திலிருந்து பெரும் எடையைக் கீழே விழச்செய்து, அதன் இழுப்பால் ஊர்தியை முன்னே உந்தும் அமைப்பைச் செய்தனர். 1904இல் 105 முறை முயன்றும் மொத்தம் பறந்த நேரம் ஒரு மணிக்கும் குறைவு. எனினும், செப்டம்பர் 20ஆம் நாள் வில்பர் முழு வட்டம் ஒன்றை வானில் வரைந்தார். அதனைக் கண்ணாரக் கண்ட ஏமஸ் ரூட் என்பார் தாம் நடத்திய தேனீ வளர்ப்பு இதழில் 1905 சனவரியில் அதனை எழுதினார். உலகை மாற்றிய செய்தியைக் கண்டவர் உரையாக முதலில் ஏந்தியது தேனீ வளர்ப்போர் இதழ் என்பது வியப்பே! 1905 அக்டோபர் 5ஆம் நாள், வில்பர் எரிபொருள் தீருமட்டும் 39 நிமிடம் வட்டமிட்டு 24 மைல் பறந்தார். வானூர்தி அன்றுதான் பயன்படு பொருளாயிற்று.

உலக அரங்கும் மூடிய கதவும்

அதன்பின் இரண்டரை ஆண்டுகள் இருவரும் பறக்கவே இல்லை. காப்புரிமை 1906இல் கிடைத்தும், விற்பனை ஒப்பந்தம் இன்றி எவர்க்கும் காட்டுவதில்லை என உறுதி பூண்டனர். 1908 ஆகஸ்டு 8ஆம் நாள் பிரான்சின் லெ மான் நகர் அருகே குதிரைப் பந்தயத் திடலில் வில்பர் எழுந்து பறந்தபோது, ஐயுற்றிருந்த பிரெஞ்சு வல்லுநர் தலைவணங்கினர். உலகப் புகழ் வந்தது. அப்போதும் அவர் ஊர்தியின் அருகே கொட்டகையிலேயே உறங்கினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், ஃபோர்ட் மையர் இராணுவத் திடலில் ஆர்வில் செலுத்திய ஊர்தியின் விசிறி பிளந்து கம்பியொன்றை அறுத்தது. உடன் சென்ற படை அலுவலர் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். பொறி வானூர்தி விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே. ஆர்வில் படுகாயமுற்றார். அங்கே மணலும் இல்லை, மென்மையும் இல்லை. செய்தி கேட்டு நொந்த வில்பர், நான்கு நாள்களில் மீண்டெழுந்து ஒன்றரை மணி நேரம் பறந்து காட்டினார்.

வில்பரின் இறுதி ஆண்டுகளைப் புகழ்மொழியால் மட்டும் போர்த்திவிடுதல் முறையன்று. லிலியென்தாலின் நூல்களும் சனூட்டின் மடல்களும் கைம்மாறு கருதாது அவருக்குக் கிடைத்தவை. தம் முறை வந்தபோது அவர் காப்புரிமை வழக்குகளில் இறங்கினார். உழைப்பின் பயனைக் காத்தல் குற்றமன்று. பிறர் அதனைக் கவர முனைந்ததும் பொய்யன்று. ஆயினும், நீதிமன்றப் படிகள் அவரைப் பட்டறையிலிருந்து பிரித்தன. சனூட்டின் நட்பும் கசந்தது. 1910இல் அவர் மறைந்தபின் வில்பர் அவர்தம் தொண்டைப் போற்றி எழுதினார். 1910க்குப் பின் வில்பர் வானில் எழுந்தது அரிது. பிற நாட்டார் விரைந்து முன்னேறினர். சோதனையால் உயர்ந்த கை, சோதிப்பதை நிறுத்தியதும் பின்தங்கியது. 1912 மே 30ஆம் நாள், டைபாய்டு காய்ச்சலால் தம் 45ஆம் அகவையில் வில்பர் டேட்டன் இல்லத்தில் மறைந்தார். மணம் புரியாதவர், வானூர்தியே அவர் வழித்தோன்றல்.

செவ்வாயில் ஒரு களம்

2021 ஏப்ரல் 19ஆம் நாள், செவ்வாய்க் கோளில் இஞ்ஜெனுவிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டர் 39 வினாடி பறந்தது. அதனைச் செவ்வாய்க்கு அனுப்புமுன், கலிபோர்னியாவில் காற்றை வெளியேற்றிய பெரும் அறைக்குள் செவ்வாயின் மெல்லிய வளியை உண்டாக்கிப் பறக்கவிட்டுப் பார்த்தனர். டேட்டன் கடையின் மரப்பெட்டி வளர்ந்த வளர்ச்சியே அது. ஐந்து முறை பறக்கும் சோதனைக்கென அனுப்பிய அது, 2024 சனவரி வரை 72 முறை பறந்தது. 1903ஆம் ஆண்டு ஊர்தியின் துணித் துண்டு ஒன்றும் அதனுடன் சென்றது. அது முதலில் எழுந்த நிலத்திற்கு ரைட் சகோதரர் பெயரையே சூட்டினர்.

மாணவச் செல்வங்களே! அறிவு மட்டுமே வெற்றி தருவதாயின் லாங்லி வென்றிருப்பார். துணிவு மட்டுமே போதுமாயின் லிலியென்தால் வீழ்ந்திரார். சிறிதினும் சிறிதாகத் தொடங்கி, பிழை பொறுக்கும் நிலத்தில் பிழை செய்து, அளந்து, திருத்தி, பின்னரே அரங்கேறியது வில்பரின் நெறி. கல்லூரியும் அத்தகைய மணல்வெளியே. ஆய்வுக்கூடத்தில் உடையும் குழாயும், மன்றத்தில் தடுமாறும் முதற் சொற்பொழிவும், திருத்தப்பெற்று மீளும் கட்டுரையும் எவர் எலும்பையும் முறிப்பதில்லை. இங்கு வீழ அஞ்சுவோர், மென்மையற்ற வெளியுலகில் வீழ நேரும். ஆசிரியராகிய எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு: அம்மணலைக் கல்லாக்காமல் காத்தல். வில்பர் இளமையில் உணர்ந்ததும் இறுதியில் விட்டதும் ஆகிய இரண்டையும் கற்போர், அவரினும் உயரப் பறப்பர்.